17 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்
(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா நாளில் கணக்குப் பேசலாமா என்று கேட்பீர்கள். எமது உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியை வருகிற தை மாதம் ஓய்வு பெறுகிறார். அவருடைய இடத்தை எப்படி நிரப்புவது என்று செயற்குழுவில் இரண்டு கருத்து உண்டு. ஆகையால் இந்தக் கணக்கைச் சபையில் வைப்பதுதான் முறை.

ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பது நாடுகளை ஒப்பிட எல்லோரும் எடுக்கும் அளவு. பின்லாந்தின் கீழ் இடைநிலை வகுப்புகளில் அது ஏறத்தாழ 9. செல்வந்த நாடுகளின் சராசரி 13 அளவில் இருக்கிறது. எமது அரச பாடசாலைகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் 17 அளவில் வரும். வெட்கப்பட வேண்டிய எண் அல்ல. எம்மைவிடப் பல மடங்கு வசதியுள்ள நாடுகளுக்கு அருகில்தான் நிற்கிறோம்.

ஆனால் இங்கே இருக்கும் தங்கைமாரைக் கேட்டால் தங்கள் வகுப்பில் நாற்பது பேர் என்பார்கள். இரண்டும் உண்மைதான். விகிதம் வேறு, வகுப்பின் அளவு வேறு. சிங்கப்பூரின் இடைநிலைப் பாடசாலைகளில் விகிதம் 12 அளவில். வகுப்பிலோ முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். மிஞ்சும் ஆசிரிய நேரத்தை அங்கே பாடத் தயாரிப்புக்கும், பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுவாக எடுத்துப் படிப்பிக்கவும் செலவிடுகிறார்கள். யப்பானில் வகுப்பும் பெரிது, வேலையும் பெரிது. 2018 இல் பல நாடுகளில் எடுத்த ஆய்வின்படி கீழ் இடைநிலை ஆசிரியர் அங்கே வாரத்தில் 56 மணி நேரம் வேலை செய்கிறார். அதில் படிப்பிப்பது 18 மணி நேரம் மட்டுமே. மற்ற நேரத்தில் கழகங்கள், விளையாட்டு, எழுத்து வேலை எல்லாம் அடங்கும். எங்கள் ஆசிரியைகள் சிரிக்கிறீர்கள், எழுத்து வேலை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

எமது நாட்டின் 17 எப்படி வருகிறது? ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாத அரச பாடசாலைகள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. அங்கே ஓர் ஆசிரியருக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கலாம். அந்தச் சிறிய பாடசாலைகளையும் நகரத்துப் பெரிய பாடசாலைகளையும் ஒன்றாகப் போட்டுத்தான் சராசரி எடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை, எந்தப் பாடத்து ஆசிரியர் என்று அந்த எண் கேட்பதில்லை. வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு இது பழகிய விடயம். ஆதார வைத்தியசாலையில் வைத்தியர் தொகை சரியாக இருக்கும். மயக்க மருந்து நிபுணர் ஒருவர் இல்லாவிட்டால் சத்திரசிகிச்சைக் கூடம் பூட்டியே கிடக்கும். மலையகத்துப் பாடசாலைகள் பலவற்றில் கணித, விஞ்ஞான ஆசிரியர் விடயத்தில் நடப்பதும் இதுதான்.

இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதோடு நிற்காமல், விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்க ஒருவர், சமூகக் கல்விக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று சொல்கிறது. மாவட்டச் சராசரி காட்டித் தப்ப முடியாது. ஒவ்வொரு பாடசாலையிலும் விகிதம் இருக்க வேண்டும். நடைமுறையில் எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு கதை. ஆனாலும் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்ட சட்டம் அது.

இனி எமது பிரச்சினைக்கு வருவோம். செயற்குழுவில் ஒரு பகுதியினர், தெரிந்தவர்களைப் பிடித்து வேறொரு பாடசாலையின் பௌதிகவியல் ஆசிரியரை இங்கே இடமாற்றம் எடுப்போம் என்கிறார்கள். எமது பிள்ளைகளுக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் தீவகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்தால் அங்கே அந்தப் பாடமே நின்றுவிடும். நாட்டின் 17 அப்போதும் 17 ஆகவே இருக்கும். எந்த அறிக்கையிலும் தெரியாது. கலிபோர்னியாவில் 1996 இல் சிறு வகுப்புகளை இருபது பிள்ளைகளாகக் குறைத்தார்கள். நல்ல நோக்கம். ஒரேயடியாகப் பெருந்தொகை ஆசிரியர் தேவைப்பட்டதால் வசதியான ஊர்கள் அனுபவசாலிகளை எடுத்துக்கொண்டன. ஏழைப் பகுதிகளுக்குப் பயிற்சி முடிக்காதவர்களே மிஞ்சினர். 2022 க்குப் பிறகு எத்தனை ஆசிரியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இருக்கிற சிலரை இழுபறிப்படுத்துவது எமது கல்லூரிக்கு அழகல்ல என்பது எமது கருத்து.

அதனால் நாம் முன்வைப்பது இது. புதிய நியமனம் ஒன்றைக் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் எழுதுவோம். பக்கத்துப் பாடசாலைகளின் வெற்றிடங்களையும் அதே கடிதத்தில் சேர்ப்போம். நியமனம் வரும்வரை, ஓய்வு பெறும் எமது ஆசிரியை சனிக்கிழமைகளில் வரச் சம்மதித்திருக்கிறார். எமது ஆய்வுகூடம் சனிக்கிழமை சும்மா கிடக்கிறது. ஆசிரியர் இல்லாத நான்கு பாடசாலைகளின் உயர்தரப் பிள்ளைகளையும் அழைத்து ஒன்றாகச் செய்முறை வகுப்பு நடத்தலாம். பஸ் செலவையும் மதியச் சாப்பாட்டையும் சங்கம் ஏற்கலாம். மேடைக்குப் புதுத் திரைச்சீலை அடுத்த வருடம் போடலாம்.

மதிப்பீட்டைப் பொருளாளர் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பார். இலண்டன், ரொறன்ரோ கிளைகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகள் தயவுசெய்து அதுவரை இருந்து, வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளுங்கள்.