பேச்சின் கவர்ச்சியும் நீதியின் தராசும்

 



கிழக்குத் திசையிலிருந்து வந்த இருவர் சொற்பொழிவாற்றினர். கேட்டோர் வியந்து நின்றனர். அப்போது நபி (ஸல்) அவர்கள், சில பேச்சுகளில் சூனியம் இருக்கிறது என்ற கருத்துப்பட மொழிந்தார்கள் (புகாரி). பேச்சு உள்ளங்களை மாற்ற வல்லது. நன்மைக்கும் மாற்றும், தீமைக்கும் மாற்றும். அது எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிந்தவர் எளிதில் ஏமாறமாட்டார்.

இதனை விளங்கிக்கொள்ள ஹபஷா நாட்டு அரசவைக்குச் செல்வோம். குறைஷிகளின் கொடுமை தாளாமல், கி.பி. 615 முதல் முஸ்லிம்கள் அங்கே அடைக்கலம் புகுந்தனர். அவர்களைத் திரும்பப் பெறுவதற்காகக் குறைஷிகள் இருவரைத் தூது அனுப்பினர். அவ்விருவரும் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியவர்களே. அன்று நடந்ததை, அங்கே அகதியாக இருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களே அறிவிக்கின்றார்கள்.

தூதர்கள் கையாண்ட உத்திகளைக் கவனியுங்கள். பேசுவதற்கு முன்பே, அரசவைப் பிரமுகர்களுக்குத் தோல் பொருட்களை அன்பளிப்பாகக் கொடுத்தனர். வந்தவர்களை அறிவற்ற இளைஞர்கள் என்று பெயர் சூட்டினர். அவர்களின் தந்தையரும் உறவினருமே தங்களை அனுப்பியதாகப் பெரியோரின் பெயரை முன்வைத்தனர். இறுதியாக, அவர்களை விசாரிக்காமலேயே ஒப்படைக்க வேண்டும் என்றனர். அன்பளிப்பு, பட்டப்பெயர், பெரியோர் பெயர் ஆகிய மூன்றும் இந்த நான்காவதற்காகவே வந்தன. ஆதாரம் இல்லாதவருக்கு மறுதரப்பின் மௌனம் தேவைப்படுகிறது.

நஜ்ஜாஷி மன்னர் சினமுற்றார். அவர்களை அழைத்துக் கேட்காமல் ஒப்படைக்கமாட்டேன் என்றார்.

ஜஅஃபர் (ரலி) அவர்கள் எழுந்து பேசினார்கள். அவர்களும் சொல்வன்மை மிக்கவர்களே. தம் சமுதாயத்தின் பழைய நிலையையும் புதிய நிலையையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். மன்னரின் நீதியைப் போற்றினார்கள். கிறிஸ்தவ மன்னருக்கு முன் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார்கள். மன்னர் கண்ணீர் வடித்தார்.

அப்படியானால் இரு தரப்புக்கும் என்ன வேறுபாடு? மறுநாள் அது வெளிப்பட்டது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றி முஸ்லிம்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று தூதர்கள் மன்னரைத் தூண்டினர். மழுப்பினால் உயிர் தப்பலாம். ஆயினும் ஜஅஃபர் (ரலி) அவர்கள், ஈஸா (அலை) அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்று உள்ளதை உள்ளபடியே உரைத்தார்கள். கேட்பவருக்கு ஏற்ப அவர்களின் சொல்முறை அமைந்தது, உண்மை மாறவில்லை. அன்பளிப்புகள் தூதர்களிடமே திருப்பி அனுப்பப்பட்டன.

பெருமக்களே! அதே உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வேறொரு செய்தியையும் அறிவிக்கின்றார்கள். வாரிசுச் சொத்துக்காக இருவர் நபியவர்களிடம் வழக்குக் கொண்டு வந்தனர். இருவரிடமும் சாட்சி இல்லை. தாம் கேட்பதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும், ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், அதனால் சகோதரனின் உரிமை ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அது நெருப்புத் துண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுதனர். என் பங்கு உனக்கே என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தனர் (அபூதாவூத்).

இன்று நம் வீடுகளில் சொத்துப் பிரிக்கும்போது நாவன்மை மிக்க அண்ணன் பேசுகிறார். தங்கை தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாள். குடும்ப கௌரவம், வாப்பாவின் ஆசை என்ற அழகிய சொற்கள் வருகின்றன. அவளுடைய பங்கு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. கைபேசியில் வரும் செய்திகளிலும் இதே நிலைதான். ஒருவரைப் பழிக்கும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், அவர் தரப்பை நாம் கேட்டோமா?

கேட்கும்போது நஜ்ஜாஷியைப் போல் மறுதரப்பை அழையுங்கள். பேசும்போது ஜஅஃபர் (ரலி) அவர்களைப் போல் உண்மையை அழகுபடுத்துங்கள். பொய்க்கு அழகு சேர்க்காதீர்கள்.

அல்லாஹு தஆலா நம் நாவுகளையும் செவிகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.