வலிக்காத வெள்ளைத் திட்டு

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டப் போகும் வழியிலேயே வெற்றிலை போடுவது பலருக்கும் பழக்கம். அங்குள்ளவர்களின் வாயைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்த்திருக்கிறார்கள். 2006-2007இல், இந்த இரு மாவட்டங்களும் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் முப்பது வயதைக் கடந்த 1,029 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்குப் பதினொரு பேருக்கு மேல், பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் இருந்தன. புகையிலை சேர்த்த வெற்றிலை பெரிய காரணம். புகையிலை இல்லாவிட்டால் பயமில்லை என்று நம்பாதீர்கள்; பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்திருக்கிறது.

கன்னத்தின் உள்ளே, நாக்கின் ஓரத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் முழுதாகத் திறக்காமை: இவைதான் அடையாளங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் காலம் கடந்துவிடுகிறது.

கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். 1984இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், குறுகிய பயிற்சி பெற்ற 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களே கிராம மக்களின் வாயைப் பார்த்து இத்தகைய மாற்றங்களைக் கண்டறிந்தார்கள். சந்தேகம் இருந்தால் சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதிப்பார்கள்.

இன்றைக்குக் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். இந்த அடையாளங்களோ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.