நீர்நிழலும் நிற்கும் படியும்

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

பத்தாண்டு நிறைவை நெருங்கும் இவ்வட்டத்தில் ‘கவிதையில் உவமை’ என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். அத்தலைப்பை விட்டு நான் விலகப் போவதில்லை. ஆனால், ஒரு குளக்கரை வழியாக அதற்குள் நுழைய விரும்புகிறேன். நீரில் தோன்றும் நிழலைப் படம்பிடிப்பது பற்றியே இன்று பேசப் போகிறேன். அதனூடே, நான் இழைத்த ஒரு தவற்றையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

பழந்தமிழில் ‘நிழல்’ என்னும் சொல் மரத்தடி நிழலை மட்டும் குறித்ததன்று. கண்ணாடியிலும் நீரிலும் தோன்றும் உருவையும் குறித்தது. ஒளிப்படத்துக்கு ‘நிழற்படம்’ என்று பெயரிட்டபோது, அறிந்தோ அறியாமலோ, அந்த இரண்டாம் பொருளுக்கே நாம் மீண்டும் உயிர் கொடுத்தோம். அவ்வகையில், நீர்நிழலைப் படமெடுப்பவர் நிழலுக்கு நிழல் எடுப்பவராகிறார்.

என் முனைவர் பட்ட ஆய்வேடு உவமை பற்றியது. ‘நீர்நிழல் என்பது பொருளின் தலைகீழ்ப் படி, கூட்டலும் குறைத்தலும் அதற்கு இல்லை’ என்று அதில் ஒரு தொடர் எழுதியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் எவரும் அதை மறுக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாக வகுப்பிலும் அதையே சொல்லி வந்தேன். பலமுறை சொன்னதால் அது எனக்கு உண்மையாகவே ஆகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களுக்கான நிழற்படப் போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்தேன். வந்த படங்களில் ஒன்று மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காட்டியது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அமைத்த குளம் அது. ஏறத்தாழ 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது. நீரின்றி விளையாட்டுத் திடலாக அது கிடந்த ஆண்டுகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழியே வையை நீர் வந்து தேங்கிய பின்னரே மைய மண்டபம் தன் நிழலைத் திரும்பப் பெற்றது. நீர் இல்லையேல் நிழலும் இல்லை.

அந்தப் படம் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் மாலை, பகலொளி முற்றும் மறையுமுன் மேற்குக் கரையிலிருந்து எடுக்கப்பட்டது. விமானத்தின் கலசத்துக்குச் சற்று மேலே, வானில், நிறைமதிக்கு ஒருநாள் குறைந்த மதி. கீழே, சலனமற்ற நீரில், விமானம் தலைகீழாகத் தெளிவாகத் தெரிந்தது. மதியை மட்டும் காணவில்லை.

“தம்பி, இது கணினியில் திருத்திய படம். நீரிலிருந்த மதியை அழித்திருக்கிறாய்” என்றேன்.

“இல்லையம்மா. இருந்ததைத்தான் எடுத்தேன். ஒரு மாலை குளக்கரைக்கு வந்து பாருங்கள், உங்களுக்கே தெரியும்” என்றார் அந்த மாணவர்.

நான் செல்லவில்லை. படத்தைப் போட்டியிலிருந்து நீக்குமாறு எழுதிக் கையொப்பமிட்டேன். படிப்பு முடிந்து அவர் கல்லூரியை விட்டுச் சென்றார். அவர் குரலில் சினம் இருந்திருந்தால் நான் மறந்திருப்பேன். அதில் இருந்தது வருத்தம்; அதனால் மறக்க இயலவில்லை.

மறு ஆண்டு, அதே தை மாலையில், தனியே அக்கரைக்குச் சென்றேன். மேற்படியில் நின்று பார்த்தேன். கலசத்துக்கு மேலே மதி இருந்தது, நீரில் இல்லை. ஒவ்வொரு படியாக இறங்கினேன். வானத்து மதி கலசத்தை நோக்கித் தாழ்ந்து வந்தது. நீருக்குள்ளோ, கலசத்தின் பின்னாலிருந்து ஒளிக்கீற்று ஒன்று எட்டிப் பார்த்தது. நீரை ஒட்டிய படியில் குனிந்து அமர்ந்தபோது, மேலும் கீழும் இரண்டு மதிகள் இருந்தன. அந்த மாணவர் எதையும் அழிக்கவில்லை. அவர் நின்ற படியில் நான் நிற்கவில்லை, அவ்வளவே.

காரணத்தைப் பின்னர்க் கற்றேன். நீர்ப்பரப்புக்கு மேல் பத்தடி உயரத்தில் நம் கண் இருக்குமானால், நீர் நமக்குக் காட்டுவது, நீர்ப்பரப்புக்குக் கீழே பத்தடி ஆழத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கும் ஒரு கண்ணின் காட்சியாகும். அது தலைகீழாக நம்மிடம் வருகிறது. ஆகவே, நேர்க்காட்சிக்கும் நீர்க்காட்சிக்கும் இடையே இருபதடி உயர வேறுபாடு உண்டு. பார்வை இருபதடி தாழ்ந்தால், ஐந்நூறு அடித் தொலைவிலுள்ள விமானம் இரண்டு பாகைக்கு மேல் உயர்ந்து தோன்றும். நெடுந்தொலைவிலுள்ள மதியோ இருந்த இடத்திலேயே இருக்கும். முழுமதியின் அகலமே அரைப்பாகைதான். கலசத்துக்கு மேலே மூன்று மதி அகலம் தள்ளி நின்ற மதி, நீரில் விமானத்தின் பின்னே மறைந்ததில் வியப்பென்ன? இதே காரணத்தால்தான் நேரே பார்க்கையில் மறைந்திருக்கும் கொடுங்கையின் அடிப்புறத்தை நீர் நமக்குக் காட்டுகிறது. நீர்நிழல் படியன்று, இன்னோர் இடத்திலிருந்து கண்ட காட்சி.

இவ்வுண்மையை நிழற்படக் கலைஞர்கள் கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள். நீரில் மிதக்கும் இலைக்குக் கருவியைக் குவியப்படுத்தினால் நிழல் மங்கிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நிழல் நீர்ப்பரப்பின் மீது இல்லை. மண்டபம் எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவு நிழலுக்கும் உண்டு. அத்தொலைவுக்கே குவியப்படுத்த வேண்டும். போலரைசர் என்னும் வடிகண்ணாடியைத் தக்க கோணத்தில் திருப்பினால் நிழல் பெரிதும் விலகி, நீருக்குள் இருக்கும் மீன் தெரியும். இலை, மண்டபம், மீன் ஆகிய மூன்றும் ஒரே நீரில் உள்ளன. எதைக் காண்பது என்பதைக் காண்பவரே முடிவு செய்கிறார்.

கவிஞர் பெருமக்களே! திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரால் வழங்கும் வெண்பாவை நீங்கள் அறிவீர்கள். தினையளவும் போதாத புல்நுனிப் பனித்துளி, நெடிய பனைமரத்தைக் காட்டும் என்னும் உவமை அதில் வருகிறது. சிறியது பெரியதை அடக்கும் என்பதை மட்டுமே நான் அதில் கண்டு, மாணவர்க்கும் உரைத்தேன். இன்று ஒரு பனித்துளியின் வழியே தொலைவிலுள்ள மரத்தைப் பார்க்கிறேன். மரம் தலைகீழாகத் தெரிகிறது. துளி, பனையைச் சுருக்கியதோடு நிற்கவில்லை. நாம் பார்த்துப் பழகிய பனையைப் புரட்டியும் போடுகிறது. குறள் நமக்குச் செய்வதும் அதுவன்றோ?

உவமையும் அத்தகையதே. பொருளை மீண்டும் ஒருமுறை காட்டுவது அதன் தொழிலன்று. நாம் நிற்க இயலாத இடத்திலிருந்து பொருளைக் காட்டுவதே அதன் தொழில். அங்கிருந்து பார்க்கையில் நமக்குப் பழகிய மதி மறையலாம். நாம் ஒருபோதும் காணாத அடிப்புறம் தெரியலாம். இளங்கவிஞர் ஒருவர் தம் கவிதையைக் கொண்டுவரும்போது, ‘இப்படி எங்கே இருக்கிறது?’ என்று கேட்குமுன், அவர் எந்தப் படியில் நின்றார் என்று கேட்போம். கூடுமானால், நாமும் ஒரு படி இறங்கிப் பார்ப்போம். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர்க்கு இது கடமை. அக்கடமையில் நான் ஒருமுறை தவறினேன்.

என் ஆய்வேட்டின் படியில் அத்தொடரை அடித்து, ஓரத்தில் திருத்தம் எழுதிவிட்டேன். அந்த மாணவருக்கும் மன்னிப்புக் கேட்டு மடல் எழுதினேன். விடையாக அவர் அந்தப் படத்தையே அனுப்பிவைத்தார். பின்புறத்தில் ஒரே ஒரு வரி: “எந்தப் படியில் நின்று பார்த்தீர்கள், அம்மா?”

வரவிருக்கும் நம் பத்தாமாண்டு மலரில் அந்தப் படத்தை, எடுத்தவரின் இசைவோடும் பெயரோடும், திருத்தமின்றி வெளியிட வேண்டுமென மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். நான் மறுத்த பரிசுக்கு அது ஈடாகாது. எனினும், அந்த நீரில் மதி இல்லை என்பதற்கு நானும் ஒரு சான்றாக இருக்க விரும்புகிறேன்.