பிள்ளையின் பையில் வரும் காகிதங்கள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது, வரவு செலவுக் கணக்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இனி, நம் வீடுகளின் வரவு செலவில் ஆண்டுதோறும் இடம்பெற்றும் எந்த அறிக்கையிலும் இடம்பெறாத ஒரு சுமையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விழைகின்றோம். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையின் பையில் வீட்டுக்கு வந்து சேரும் காகிதங்களைப் பற்றியதே அப்பேச்சு. நாமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்ற தகப்பன்மார்களில் ஒருவரே ஆதலால், இச்சுமையின் எடையை அறிந்தே பேசுகின்றோம்.

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் போதும். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், சாதிச் சான்று நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கு என்று ஒரு பட்டியல் வருகின்றது. சென்ற ஆண்டு கொடுத்தவைதாமே என்றால், இவ்வாண்டுக்கு வேறு கோப்பு என்கிறார்கள். அண்ணனுக்குக் கொடுத்ததைத் தங்கைக்கும் கொடுக்க வேண்டும். ஒரே தெரு, ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன்; ஆனால் படிவங்கள் மட்டும் ஒவ்வொன்றும் புதிதாகப் பிறந்தவை.

படிவத்தின் அடியில் தகப்பனின் கையொப்பம் வேண்டும் என்றிருக்கும். நம் வீடுகளில் எத்தனை தகப்பன்மார்கள் சவூதியிலும் துபாயிலும் குவைத்திலும் உழைத்துக் கொண்டிருக்கின்றனர்! அக்காகிதத்தை ஏந்திக் கொண்டு, தான் கையொப்பமிடலாமா கூடாதா என்று தெரியாமல் தாய் பள்ளி வாசலில் நிற்கின்றார். கணவரை இழந்த தாயின் நிலையோ இன்னும் கடினம். வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்தில் மனுப் பதிவு செய்தால், அது கிராம நிர்வாக அலுவலரிடமும், வருவாய் ஆய்வாளரிடமும், வட்டாட்சியரிடமும் வரிசையாகச் சென்று மீள வேண்டும். கட்டணம் சிறிதுதான், ஆனால் நாட்கூலிக்குச் செல்பவருக்கு, அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. 2006-ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கை அளித்தபின், 2008-இல் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான பள்ளிக் கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்து பள்ளி செல்லும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில் கிடைத்தது ஆண்டுக்கு 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தைப் பெறுவதற்கு மூன்று நாள் கூலியை இழந்த ஏழை உழைப்பாளி, உண்மையில் பெற்றது என்ன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அத்தொகையும் 2022-இல் நிறுத்தப்பட்டது.

இவ்வளவையும் சொல்வதால், காகிதமே வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்பதும், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்பதும் அதன் கருத்துகள். ஆவணத்தை மதிக்கக் கற்றுக் கொடுக்கப்பட்ட சமுதாயம் நாம். தமிழகத்தில் 2007-ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட 3.5 சதவிகித இடஒதுக்கீட்டை நம் பிள்ளை பெறுவதற்கு, சாதிச் சான்று என்ற அந்த ஒற்றைக் காகிதமே திறவுகோல். காகிதம் இல்லாத இடத்தில் மோசடியும் நுழைந்து விடுகின்றது. சிறுபான்மை உதவித்தொகை பெற்று வந்த நிறுவனங்களில் 1,572-ஐ ஆய்ந்ததில், 830 போலியானவை அல்லது செயல்படாதவை எனக் கண்டறியப்பட்டதாக 2023-இல் செய்தி வெளியானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழைப் பிள்ளையின் பெயரால் எவரோ உண்டார்கள். அதன் விளைவாகச் சோதனைகள் கூடி, உண்மையான ஏழையே மேலும் அலைகின்றார்.

ஆனால் அதே வசனத்தில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் துன்பம் இழைக்கப்படலாகாது என்பது ஒன்று. வாசகத்தைச் சொல்ல இயலாத பலவீனருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்பது மற்றொன்று. அதாவது, ஆவணம் வேண்டும். அதன் பாரம் பலவீனர் தலையில் விழக் கூடாது. நாம் இன்று சொல்ல வந்ததன் சாரமும் இதுவே.

அடுத்து, வசூலைப் பற்றிப் பேச வேண்டும். ஆண்டு விழாக் கூப்பன், ஆண்டு மலருக்கு விளம்பரம், கட்டட நிதி, கண்காட்சிச் சீட்டு, குலுக்கல் சீட்டு என்று பெயர்கள் பல. 1949 முதல் டிசம்பர் 7 அன்று கடைப்பிடிக்கப்படும் கொடிநாள் போன்ற நற்காரியங்களும் அவற்றினிடையே உண்டு; படைவீரர் குடும்பங்களுக்கு உதவுவதை யார் மறுப்பார்? நாம் நோக்கத்தைக் குறை கூறவில்லை; வழியைக் குறித்தே பேசுகின்றோம். பத்துச் சீட்டுகள் கொண்ட கூப்பன் புத்தகம் ஒன்று நான்காம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுக்கப்படுகின்றது. கடை வைத்திருப்பவரின் பிள்ளைக்குக் கல்லாவின் அருகே நின்றாலே சீட்டுகள் தீர்ந்துவிடும். தள்ளுவண்டிக்காரரின் பிள்ளை யாரிடம் விற்கும்? இறுதியில் தகப்பனே பத்தையும் வாங்கிக் கொள்கின்றார். அதிகம் விற்ற பிள்ளையின் பெயர் வகுப்பில் வாசிக்கப்படும்போது, விற்காத பிள்ளையின் பெயரும் வாசிக்கப்படாமலேயே அனைவருக்கும் தெரிந்து விடுகின்றது. தருமம் என்பது மனமுவந்து கொடுப்பது. பிள்ளையின் தலைகுனிவுக்கு அஞ்சிக் கொடுப்பது தருமம் அன்று. அது வேறு பெயரிலான கட்டணம்.

பள்ளிக்கு உதவுவது நம் தமிழகத்துக்குப் புதிதும் அன்று. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மக்களின் நன்கொடையோடுதான் தொடங்கியது. 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று முதலில் கணக்கெடுத்தார்கள். பின்னர் ஊர் மக்களைக் கூட்டி, அத்தேவைகளை வெளிப்படையாக முன்வைத்தார்கள். இயன்றவர் இயன்றதைக் கொடுத்தார். பணமாகவும் பொருளாகவும் கொடுத்தார். அங்கே பெரியவர்கள் பெரியவர்களிடம் கேட்டார்கள். பிள்ளையைத் தூது அனுப்பவில்லை. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்திலும், கொடுக்க வசதியுள்ளவர்கள் அரசுப் பள்ளிகளுக்கு நேரடியாகக் கொடுக்க வழி இருக்கின்றது.

பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டிய சில சட்டங்களையும் இங்கே குறிப்பிடுவது கடமை என்று கருதுகின்றோம். 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரியது. பள்ளி முன்கூட்டி அறிவித்த கட்டணம் தவிர, நன்கொடை என்றோ வேறு பெயரிலோ பெறும் எத்தொகையையும் அச்சட்டம் தலைவரிக் கட்டணம் என்றே கருதுகின்றது. சேர்க்கையின்போது அதனை வசூலித்தால் அத்தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டியும் மறுக்கக் கூடாது. ஆதார் இல்லாததால் பள்ளிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. தமிழகத்தில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை, 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கின்றது. இவற்றை அறிந்து பேசுங்கள். ஆனால் சினந்து பேசாதீர்கள். நாம் கடிந்து கொள்ளும் அந்த ஆசிரியையும், மாலை வரை பாடம் நடத்திவிட்டு இரவில் இதே விவரங்களைக் கணினியில் ஏற்றிக் கொண்டிருப்பவர்தாம். அவரும் இக்காகிதத்தின் கீழ் அகப்பட்டவரே.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை மேற்சொன்ன கல்விச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. நம் சமுதாயத்தவர் நடத்தும் பள்ளிகளின் பொறுப்பாளர்களுக்கு அன்போடு ஒன்றைச் சொல்வோம். அத்தீர்ப்பு நிறுவனத்தின் உரிமையைக் காப்பதற்கு வந்தது. ஏழைத் தகப்பனிடம் நன்கொடை கேட்பதற்கு வழங்கப்பட்ட அனுமதி அன்று. சட்டம் தொடாத இடத்திலும் நீதி தொடர்ந்து வர வேண்டும்.

குறைகளை மட்டும் அடுக்கிவிட்டுக் கலைவது நமக்கு அழகன்று. ஆகவே, இந்தச் சபையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, பெயர். நம் பிள்ளைகளின் காகிதத் தொல்லையில் பாதி, பெயரின் எழுத்திலேயே தொடங்குகின்றது. ஒரே மனிதர் பிறப்புச் சான்றில் முஹம்மது, குடும்ப அட்டையில் முகமது, ஆதாரில் மொஹமத். ஆங்கிலத்திலோ அதற்கு மேலும் வேறுபாடுகள். ஏழாம் நாள் பெயர் சூட்டும்போதே, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளைத் தீர்மானித்து, ஒரே விதமாக எழுதி வையுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்கு ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், இதில் அலட்சியம் கூடாது. பெயர் சூட்டும் இல்லங்களுக்கு நாம் வரும்போது, துஆ ஓதியபின் இதனையும் நினைவூட்டுவோம்.

இரண்டாவது, மே, ஜூன் மாதங்களில் ஜுமுஆவுக்குப் பின் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் இப்பள்ளிவாசல் முற்றத்தில் இடப்பட வேண்டும். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் அமர்ந்து, கணவரை இழந்தவர்களுக்கும், வெளிநாட்டில் கணவர் உள்ளவர்களுக்கும், எழுதத் தெரியாதவர்களுக்கும் படிவங்களை நிரப்பிக் கொடுக்கட்டும். பலவீனருக்காகப் பொறுப்பாளர் சொல்லட்டும் என்றதன் நடைமுறை அதுதான். ஜாதி மதம் பாராது, தெருவில் உள்ள எவர் வந்தாலும் எழுதிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது வீட்டில் இருந்துவிட்டு, கூப்பன் வரும்போது மட்டும் குமுறுவதில் பயனில்லை. தாய்மார்கள் சென்று அமருங்கள். ஒரு முறை கொடுத்த நகலை மறுமுறை கேட்காதீர்கள், பணம் தேவையெனில் பெற்றோரை அழைத்துக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள் என்று மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

நான்காவது, பள்ளிக்கூடத்தாரிடம் நாம் எதனைக் கேட்கின்றோமோ அதனை முதலில் நம்மிடமே கேட்போம். மீலாது விழாவுக்கோ, பள்ளிவாசல் கட்டடப் பணிக்கோ, இந்த ஆண்டு மலருக்கோ எவ்வளவு தேவை இருப்பினும், மக்தபில் ஓத வரும் பிள்ளையின் கையில் ஒரு சீட்டும் கொடுத்தனுப்புவதில்லை என்று இன்றே தீர்மானம் எழுதுங்கள். சந்தா பாக்கியைத் தகப்பனிடம் நிர்வாகிகள் நேரில் சென்று கேட்கட்டும். பிள்ளையிடம் சொல்லியனுப்ப வேண்டாம். அத்தீர்மானத்தின் நகலை எடுத்துக் கொண்டு பள்ளித் தலைமையாசிரியரைச் சந்திக்கச் சென்றால், நம் சொல்லுக்கு எடை இருக்கும்.

பிள்ளையின் பையில் புத்தகமும் சோற்றுப் பாத்திரமும் இருக்கட்டும். கேட்பதும் கொடுப்பதும் எழுதுவதும் பெரியவர்களின் வேலை; அதனைப் பெரியவர்களே செய்வோம். அதற்குரிய மனத்தையும் பொறுமையையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.