யார் கட்டிய கோவில்?

இங்கிலாந்தின் சிற்றூர்களில் இடைக்காலத்துப் பங்குக் கோவில்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கட்டியது யார் என்று கேட்டால் மன்னர், பிரபு, ஆயர் என்றுதான் சட்டென்று விடை வரும். அந்த விடை பாதிதான் சரி என்பது என் கருத்து. மற்றப் பாதியைக் கட்டடத்துக்குள்ளேயே பார்க்கலாம். கிழக்கே பலிபீடம் உள்ள பகுதியைப் பழுதுபார்ப்பது கோவிலின் வருமானத்தைப் பெறும் குருவின் பொறுப்பாக இருந்தது. மக்கள் நிற்கும் நடுக்கூடம் முழுவதும் பங்கு மக்களின் பொறுப்பாக இருந்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஏற்பாடு உறுதிப்பட்டுவிட்டது. பல ஊர்களில் பீடப்பகுதி பழையபடி குறுகித் தாழ்ந்து கிடக்க, நடுக்கூடம் மட்டும் அகன்று உயர்ந்து, புதுச் சன்னல்களோடு ஒளி வாங்கிக்கொண்டு நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஒரே கூரையின் கீழ் இரண்டு பணப்பைகள் இருந்தன. பெரிதாக வளர்ந்தது ஊராரின் பை.

சஃபோக் பகுதியில் லாங் மெல்ஃபோர்டு என்ற ஊர் இருக்கிறது. கம்பளித் துணி நெசவில் செழித்த ஊர். அங்குள்ள பரிசுத்த திரித்துவக் கோவில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பக் கட்டப்பட்டது. நல்ல கட்டடக்கல் அகப்படாத பகுதி அது. கிடைப்பதெல்லாம் சிக்கிமுக்கிக் கல். அதை உடைத்தால் உள்ளே கண்ணாடி போன்ற கருமை தெரியும். அந்தக் கருமுகத்தையும், வெளியிலிருந்து வரவழைத்த வெளிர்நிறக் கல்லையும் ஒரே மட்டத்தில் இழைத்துப் பதித்திருக்கிறார்கள். மேல்வரிசைச் சன்னல்களுக்கு மேலே சுவர் நெடுக எழுத்துகள் ஓடுகின்றன. வேதவசனம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தால், எல்லாம் ஊர்க்காரர்களின் பெயர்கள். இன்னாருக்காகவும் அவர் மனைவிக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்கிற கோரிக்கைகள். அவற்றில் ஒன்று, ஏழு வளைவுகளைப் புதுப்பித்த செலவுக்குப் பொருள் விட்டுச்சென்றவர்களைக் குறிப்பிடுகிறது. இந்த ஊரின் நல்லெண்ணமுள்ள ஆட்கள் உதவினார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. பெயர் பொறிக்கும் அளவுக்குக் கொடுக்க முடியாதவர்களும் அந்த ஒரு தொடருக்குள் வந்துவிடுகிறார்கள். இந்தக் கோவிலில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

ஊராரும் கட்டினார்கள் என்ற இந்த வாதத்துக்கு மறுப்பு உண்டு. மெல்ஃபோர்டில் பெரும்பணம் கொடுத்தவர் ஜான் கிளாப்டன் என்ற செல்வந்தர். 1497இல் இறந்த அவருடைய கல்லறை பலிபீடத்தின் அருகிலேயே இருக்கிறது. அப்படியானால் இது பணக்காரரின் பெருமைதானே, இறந்த ஆன்மா வேதனைப்பட்டுத் தூய்மையாகும் இடமான உத்தரிக்கும் ஸ்தலத்துக்குப் பயந்து செய்த செலவுதானே என்று கேட்கலாம். பயம் இருந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் தனக்கென்று ஒரு குருவை அமர்த்தித் தனிப்பூசை வைத்துக்கொள்ள வழி இருந்த காலத்தில், எல்லாரும் நிற்கும் கூடத்தின் சுவருக்கும் தூணுக்கும் ஏன் பணம் தரவேண்டும்? செத்தவருக்காக வேண்டிக்கொள்ளப் பக்கத்து வீட்டார் வேண்டும். அவர்கள் நினைவில் இடம்பெற வேண்டுமானால் அவர்களுக்குப் பயன்படும் எதையாவது செய்துவைக்க வேண்டும். அந்தப் பயமே செல்வந்தரை ஊரோடு கட்டிப்போட்டது.

பணக்கார ஊரை மட்டும் காட்டி வாதாடக் கூடாது என்றால், டெவன் பகுதியின் மோர்பத்தைப் பார்க்கலாம். 1530களில் ஏறத்தாழ 33 குடும்பங்களே இருந்த ஏழைச் சிற்றூர். 1520 முதல் 1574 வரை அங்கே பங்குக்குருவாக இருந்த கிறிஸ்டோபர் ட்ரைக்கே எழுதிவைத்த கணக்குகள் கிடைத்திருக்கின்றன. கோவிலுக்கென்று ஆடுகள் இருந்தன. வீட்டுக்குச் சில என்று பிரித்து மேய்த்து, கம்பளி விற்ற காசைக் கோவிலில் சேர்த்தார்கள். இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி. பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறினார்கள்; பெண்களும் அந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். இறந்தோர் பூசைக்குக் கறுப்புப் பூசை உடை வாங்க அந்த ஊர் ஏறத்தாழ 20 ஆண்டு காசு சேர்த்தது. குருவும் தமக்குச் சேரவேண்டிய கம்பளித் தசமபாகத்தை விட்டுக்கொடுத்தார். தசமபாகம் கட்டாய வரி, அதனால் மக்கள் கொடுத்ததெல்லாம் நிர்ப்பந்தம் என்று வாதிடுவோர், கட்டாயமில்லாத இந்தச் சேமிப்புக்கு என்ன பதில் சொல்வார்கள்? அந்த உடை வந்து சேர்ந்தது 1547இல். அதே ஆண்டு ஆறாம் எட்வர்டு அரியணை ஏறினார். இறந்தோருக்கான பூசை முறைகள் மீது புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகளின் தடை விழத் தொடங்கியது.

இறந்தோருக்காக வேண்டிக்கொள்ளும் அந்த நம்பிக்கையே சட்டவிரோதமான பிறகு இந்தக் கட்டடங்கள் யாருடையவை? பெயர் சொல்லி வேண்டுதல் கேட்கும் பித்தளைத் தகடுகளை, பழைய வழிபாட்டுச் சின்னங்களை அகற்றும் பொறுப்பில் இருந்த வில்லியம் டவுசிங் 1644இல் சஃபோக் கோவில்களின் தரையிலிருந்து பிடுங்கியெறியச் செய்தார். மெல்ஃபோர்டின் சுவரெழுத்துகளோ இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. அங்கே கிழக்குக் கோடியில் 1496இல் எழுந்த மாதா சிற்றாலயம் பின்னாளில் ஊர்ப் பள்ளிக்கூடமானது. சிறுவர்கள் படித்த பெருக்கல் வாய்பாடு அதன் சுவரில் இன்னும் இருக்கிறது. வழிபாடு மாறிய பிறகும் அந்த ஊர் தன் கட்டடத்தைக் கைவிடவில்லை. தனக்கு வேண்டிய வேலைக்கு அதை எடுத்துக்கொண்டது.