கீரைப்பாட்டியும் கல்லடிபட்ட பையனும்
(பரிசளிப்பு விழாவில் நம் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு "கல்வியின் சிறப்பு". போன ஆண்டு பேசியவருக்கும் அதே தலைப்புத்தான். நான் பெரிய பட்டதாரி அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேலாகப் பிழைப்பு நடத்துகிறவன். கல்வியின் சிறப்பை என்னைவிட நன்றாகப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். ஆகவே தலைமையாசிரியரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடிப்போன ஒரு பையனையும் ஒரு கிழவியையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பரிசளிப்பு விழாவில் இது என்ன பேச்சு என்று கோபப்படாமல் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

பையனின் பெயர் வேங்கடராமன். 1879ஆம் ஆண்டு திருச்சுழியில் பிறந்தவன். அப்பா இறந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் இருந்து படித்தான். 1896 ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று வாத்தியார் அதையே மூன்று முறை எழுதிவரச் சொன்னார். (நாங்கள் இன்றும் அதே தண்டனையைத்தான் கொடுக்கிறோம், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.) இரண்டு முறை எழுதியவன் மூன்றாவதை எழுதாமல் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். அண்ணன் பார்த்து, இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று கடிந்துகொண்டார். அண்ணன் சொன்னது உண்மைதான் என்று பையனுக்குப் பட்டது. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு, ஆகஸ்ட் 29ஆம் தேதி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். பாதி வழி ரயில், பாதி நடை. இடையில் பணம் தீர்ந்து, காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான்.

இவர்தான் பிறகு ரமண மகரிஷி என்று உலகமே அறிந்த பெரியவர். ஆனால் நாம் மகரிஷி ஆனபின் எழுதிய வரலாற்றைப் படிக்கிறோம். அன்றைக்குக் கோயிலில் அவரைப் பார்த்தவர்களுக்கு அது தெரியுமா? பதினாறு வயது. தலை மொட்டை, இடுப்பில் கோவணம், பேச்சு கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் கல்லால் அடித்தார்கள். நம் தோட்டத்தில் அப்படி ஒரு பையன் வந்து உட்கார்ந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1898 டிசம்பரில் தாயார் அழகம்மாள் அவரைத் தேடி வந்தார். வீட்டுக்கு வந்துவிடப்பா என்று நாள்தோறும் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. வரமுடியாது என்ற கருத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததோடு சரி. அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. பெற்ற வயிறு அழாமல் என்ன செய்யும்?

அடுத்த ஆண்டில் இருந்து அவர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். அதற்குக் கீழே குகை நமசிவாயர் கோயிலில் ஒரு கிழவி தன்னந்தனியாக இருந்தாள். அவள் பெயர் என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மலையில் கீரை பறிப்பதால் கீரைப்பாட்டி. பாட்டியின் சொத்து ஒரு மண்சட்டி. அதிலேயே குளிக்க வெந்நீர் வைப்பாள். பிறகு அதிலேயே சமைப்பாள். பொழுது விடியுமுன் மலையெல்லாம் சுற்றிக் கீரை பறித்து, பக்குவமாகச் சமைத்து, ஒரு கைப்பிடி கொண்டுபோய் அவரைச் சாப்பிட வைப்பாள். ஒருநாளும் தவறியதில்லை. ஊருக்குள் வீடு வீடாகப் போய் அரிசி, மாவு, பருப்பு என்று கேட்டு வாங்கிவந்து ஒரு பெரிய பானையில் போட்டு வைப்பாள். நேற்று ஒரு புண்ணியவதி கொஞ்சம் மாவு கொடுத்தாள், கஞ்சி காய்ச்சினேன் என்று சில நாள் கொண்டுவந்து நீட்டுவாள்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பல வருஷம் கழித்து மகரிஷி தாமே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சூரி நாகம்மா என்ற அம்மையார் தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களில் அது பதிவாகியிருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பாட்டி கொடுத்தாள், பையன் வாங்கிச் சாப்பிட்டான் என்றால் அது தர்மம். அவர்கள் கதை அப்படி இல்லை. அவர் பாட்டி இருக்கும் இடத்துக்குப் போய்க் காய் நறுக்கிக் கொடுப்பார். சில நாள் பாட்டிக்குக் கீரையே கிடைக்காது. மனம் சோர்ந்து உட்கார்ந்துவிடுவாள். அப்போது இவர் புளியமரத்தில் ஏறி, கொழுந்து பறித்துக்கொண்டு வந்து கொடுப்பார். தாய் அழுதும் அசையாத ஆள், ஒரு கிழவியின் வாடிய முகத்தைப் பார்த்து மரம் ஏறியிருக்கிறார்! பாட்டி வேறு யாரையும் அந்தக் கோயிலுக்குள் விடமாட்டாள். இவரை மட்டும் விடுவாள். அவள் இல்லாதபோது இவர் கதவைத் திறந்து பானைக்குள் பார்த்தால், நேற்று யாரோ கொடுத்தார்கள் என்று சொன்ன சாமான்கள் விதவிதமாக நிறைந்திருக்குமாம். சாமிக்கு ஒன்றும் தெரியாது என்று பாட்டி நினைத்துக்கொண்டிருந்தாள். அவரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அவர் இன்னும் மேலே, ஸ்கந்தாசிரமத்தில் இரவு தங்கியிருந்தார். நடுச்சாமத்தில் பாட்டியின் இடத்தில் திருடன் புகுந்துவிட்டான். வாயைப் பொத்தினான். பாட்டி எப்படியோ திமிறிக்கொண்டு அண்ணாமலையானைக் கூப்பிட்டுக் கத்தினாள். இதோ வருகிறேன் என்று மேலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே அவர் இருட்டில் ஓடி இறங்கினார். வழியில் விரூபாட்ச குகையில் இருந்தவரைக் கேட்டால், ஏதோ சத்தம் கேட்டது, கிழவி தானாகப் பேசிக்கொள்கிறாள் என்று இருந்துவிட்டேன் என்றார். பக்கத்துக் குகைகளில் இருந்தவர்களும் எழுந்து வரவில்லை. வந்தவர்கள்கூட, திருடனாவது ஒன்றாவது, எல்லாம் உன் கற்பனை என்று பாட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். விளக்கு இல்லாததால் கொள்ளிக்கட்டையைக் கொளுத்திப் பார்த்தபோதுதான், பானையைச் சுற்றிச் சாமான்கள் இறைந்து கிடப்பது தெரிந்தது.

பெரியோர்களே, இந்தக் கதையைப் படித்த அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் செர்காம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞன் இருக்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் சார் என்றான். ஐந்தாம் பாரம் வரை படித்தான். பிறகு ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் மூன்று மாதம். கடற்கரையில் மீன் சுட்டு விற்கும் கடையில் தட்டுக் கழுவி இரண்டு மாதம். சிங்கப்பூர் போகிறேன் என்று போய், வந்த வழியே திரும்பினான். மற்ற நேரமெல்லாம் பஸ் நிற்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருப்பான். உருப்படாதவன் என்று ஊரே பட்டம் கொடுத்துவிட்டது.

அதே பக்கத்தில் லயத்துக் கடைசி வீட்டில் ஒரு பாட்டி. நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். வீட்டைச் சுற்றி முருங்கையும் கீரையும் போட்டுக் கட்டு கட்டாக விற்பார். கண்ணில் புரை விழுந்து, பூச்சிக் கீரை எது, நல்ல கீரை எது என்று தெரியவில்லை. ஒரு நாள் அவருடைய கீரைச் சாக்கை இவன் மோட்டாரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் பாட்டி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இவன் கீரை ஆய்ந்துகொண்டிருப்பான். இருபத்திரண்டு வயதுப் பையனுக்குக் கிழவியோடு என்ன பேச்சு என்று ஊரில் சிரித்தார்கள். பாட்டியின் சேமிப்புப் பணத்தில் கண் வைத்திருக்கிறான் என்றார்கள்.

நானும் அதை நம்பினேன். படித்தவன், பொறுப்புள்ளவன் என்ற நினைப்பு எனக்கு. ஒரு நாள் அவன் இல்லாத நேரம் பார்த்துப் போய், "பாட்டி, பேங்குப் புத்தகத்தைப் பத்திரமா வச்சிருக்கீங்களா? காலம் கெட்டுக் கிடக்கு" என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாத்தியாரே, அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு எனக்குக் கண்ணு தெரியாதுங்க. மாசா மாசம் அவன்தான் எடுத்துப் படிச்சுச் சொல்றான். மறுபடியும் அதே டப்பாவுல வைக்கிறான். மூணு வருஷமா அங்கதான் இருக்கு" என்றார். அதோடு விடவில்லை. "இந்த மூணு வருஷத்துல நீங்க எத்தனை தடவை இந்தப் பக்கம் வந்தீங்க?" என்றும் கேட்டார். நான் வாயடைத்துப் போய்க் காப்பியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஊர் சுற்றுகிற பையன்களெல்லாம் மகரிஷி ஆவார்கள் என்று நான் சொன்னதாக நாளைக்குப் பேசாதீர்கள். பெற்றோர்கள் என்னைத் தடியெடுத்துக்கொண்டு துரத்துவார்கள். அந்தப் பையனுக்கு இன்னும் நிலையான வேலை இல்லை. சென்ற மாதம்கூட ஒன்றும் சொல்லாமல் பத்து நாள் எங்கோ போய்விட்டான். அந்தப் பத்து நாளும் பாட்டி வாசற்படியில் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். யாரிடமும் விசாரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பதினோராம் நாள் வந்தான். "கீரை முத்திப்போச்சு பாரு" என்று மட்டும் சொன்னார். அவன் உட்கார்ந்து ஆயத் தொடங்கினான்.

நாங்கள் வாத்தியார்கள் அவனைப் பார்த்தால், இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்போம். அப்பா கேட்பார், மாமா கேட்பார், கடைக்காரரும் கேட்பார். பதில் இல்லாததால்தான் அவன் எங்களைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். புத்தி சொல்ல ஊர் முழுக்க ஆள் இருந்தது. நீ வந்தால்தான் என் வேலை நடக்கும் என்று அவனிடம் சொல்ல, கண் தெரியாத ஒரு கிழவிதான் இருந்தார். அவனை வீட்டுக்குள் விட்டவரும் அவர்தான்.

கீரைப்பாட்டி எண்பது வயதிலும் மலையைச் சுற்றி வந்தவள். அவள் இறந்தபோது, ரமணாசிரமம் இன்று இருக்கும் இடத்துக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் அடக்கம் செய்தார்கள். 1926ல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்த லட்சுமி என்ற பசு, அந்தப் பாட்டியின் மறுபிறவி என்று அடியார்கள் நம்பினார்கள். 1948 ஜூன் 18ஆம் தேதி அந்தப் பசு உயிர்விடுவதற்கு முன், மகரிஷி அதன் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்தார். மறுபிறவி உண்டா இல்லையா என்று வாதம் செய்ய எனக்கு வயது போதாது. மண்சட்டியில் வெந்த அந்தக் கைப்பிடிக் கீரையை அவர் மறக்கவில்லை, அது மட்டும் தெரிகிறது.

இன்று காலை இந்த மண்டபத்தில் நாற்காலி போட வந்தவர்களில் அந்த இளைஞனும் இருந்தான். பாட்டி போகச் சொன்னாராம். இப்போது உள்ளே இல்லை. பேச்சு என்றால் அவனுக்கு ஆகாது. பாட்டிக்குக் கால் வலி, வரமுடியவில்லை. அவருக்காக ஒரு பொட்டலம் பலகாரம் எடுத்து வைக்கும்படி சமையல் பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். யார் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று அவர்கள் கேட்டார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, அதன் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள் என்றேன்.