ஓட்டின் சொந்தக்காரி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் விலங்கியல் ஆய்வுகூடத்துக் கண்ணாடி அலுமாரியில் சங்கும் சோகியும் அடுக்கியிருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இடம்பெயர்ந்து திரும்பியபோது அது வெறுமையாக இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஜீன் வில்ப்ரூ பவர் என்ற பெண்மணி நினைவுக்கு வருகிறார்.

1794இல் பிரான்சின் சிற்றூர் ஒன்றில் சப்பாத்துத் தைப்பவரின் மகளாகப் பிறந்தவர் அவர். பரிஸ் நகருக்குச் சென்று தையல் தொழில் பழகி, 1816இல் ஓர் இளவரசியின் திருமண ஆடையைத் தைத்துப் பெயர் பெற்றார். பின் ஆங்கிலேய வணிகர் ஒருவரை மணந்து சிசிலித் தீவின் மெசினாவில் குடியேறினார். பல்கலைக்கழகம் போகாமலே, தீவெங்கும் அலைந்து சிப்பிகளையும் உயிர்ச்சுவடுகளையும் சேகரித்தார்.

அக்காலத்து அறிஞரிடையே ஒரு வழக்கு இருந்தது. ஆர்கோனாட் என்பது ஒக்டோபசுக்கு உறவான மெல்லுடலி. கடதாசி போன்ற மெல்லிய ஓட்டினுள் இருக்கும். ஆனால் உடல் ஓட்டுடன் ஒட்டியிராது. எனவே, சங்குக்குள் குடிபுகும் நண்டைப்போல அதுவும் பிறர் ஓட்டில் வாழ்வதாகப் பலர் நம்பினர். செத்ததை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆகவே ஜீன் 1832இல் கண்ணாடித் தொட்டி செய்து, கடல்நீரில் அவற்றை உயிருடன் வளர்த்தார். ஓட்டைச் சிறிது உடைத்துப் பார்த்தார். தன் இரு கைகளிலுள்ள அகன்ற சவ்வுகளால் அது உடைவை அடைத்தது. ஓடு அதனுடையதே, பெண் தானே சுரந்து, அதில் முட்டைகளைப் பேணுகிறது.

1838இல் அவருடைய சேகரிப்பை ஏற்றிய கப்பல் மூழ்கியது. பெரும்பகுதி அழிந்தது. ஆனால் அவர் முன்பே எழுதி வெளியிட்டவை தப்பின. இலண்டனில் ரிச்சட் ஓவன் என்ற பேரறிஞர் அவருடைய முடிவை ஆதரித்துப் பேசினார். கற்றோர் சங்கங்கள் பல அவரை உறுப்பினராக ஏற்றன.

எங்களுள் உயர்தரம் வரை படிக்க முடியாதுபோனவர்களும் இருக்கிறார்கள். படிப்பு அங்கே முடிந்துவிடவில்லை என்பதற்கு இந்தத் தையற்காரி சாட்சி.

சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய செய்முறைக் கொப்பிகளைத் தேடிப் பாருங்கள். தொலைந்த சங்குகளின் படங்கள் அவற்றில் இருக்கும். பிரதி எடுத்து அனுப்புங்கள். கரையொதுங்கிய சிப்பி கொண்டுவருபவர்கள் இடத்தையும் திகதியையும் எழுதிவையுங்கள். அவை இல்லாத சிப்பி வெறும் அலங்காரந்தான். அலுமாரியை நாங்களே நிரப்புவோம்.